திரவ உணவுப் பட்டினியும் உடற்பருமன் குறைப்பும்: ஓர் அறிவியல் நோக்கு

உடல் எடையைக் குறைக்கும் நோக்குடன் திட உணவை முற்றாக நீக்கி, நீரையோ பழச்சாற்றையோ புரதக் கரைசலையோ தயாரித்த மாப்பானத்தையோ மட்டும் அருந்திச் சில நாள்களும் சில வாரங்களும் கழிக்கும் வழக்கம் இன்று உலகின் பல பாகங்களிலும் பரவியுள்ளது. எமது நாட்டின் நகரங்களிலும் உணவுக்கு மாற்றானவை எனக் கூறப்படும் பானங்கள் விற்பனைக்கு உள்ளன. இம்முறை பாதுகாப்பானதா, பயன் தருவதா என்னும் இரு வினாக்கள் அடிக்கடி எழுப்பப்படுகின்றன. அவற்றுக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறுவோரே பெரும்பாலர்.

இவ்விரு விடைகளும் போதா என்பதே எமது கருத்து. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிகழ்ந்துள்ள உடற்றொழிலியல் ஆய்வுகளையும், இம்முறையால் நேர்ந்த மரணங்களையும், அண்மைக்காலத்தில் பெறப்பட்ட வெற்றிகளையும் ஒருசேர வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. அருந்தும் பானத்தில் என்ன உள்ளது, அருந்துவோரைக் கண்காணிப்பவர் யார், பட்டினி முடிந்தபின் என்ன நிகழ்கின்றது என்னும் மூன்றுமே இம்முறையின் நன்மை தீமைகளைத் தீர்மானிக்கின்றன. இம்மூன்றும் உடலியல் சார்ந்தவை. அதேயளவுக்குச் சமூக அமைப்பையும் சார்ந்தவை. இக்கட்டுரை அவற்றை விளக்க முற்படுகின்றது.

1. சொல்லும் பொருளும்

தமிழில் விரதம், உபவாசம், பட்டினி என்னும் சொற்கள் வேறுபட்ட பொருளுடையன. விரதம் என்பது உணவில் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்ளல். ஒருநேர உணவும் அதனுள் அடங்கும். உபவாசம் உணவை முற்றாக விடுதலைக் குறிக்கும். பட்டினியோ விரும்பியும் நேரலாம், வறுமையாலும் நேரலாம். உடலின் கலங்கள் இவ்வேறுபாட்டை அறியா. எக்காரணத்தால் உணவு நின்றாலும் அவை ஒரே வகையிலேயே தொழிற்படுகின்றன.

திரவ உணவுப் பட்டினி என்னும் பெயரால் இன்று வழங்குவனவற்றை நாம் நான்காக வகுக்கலாம். நீரை மட்டும் அருந்தும் முழுப் பட்டினி முதலாவது. பழச்சாறு, காய்கறிச்சாறு ஆகியவற்றை மட்டும் அருந்துவது இரண்டாவது. இதில் வெல்லம் உண்டு, புரதம் மிகக் குறைவு. புரதக் கரைசலை மட்டும் அருந்துவது மூன்றாவது. புரதம், காபோவைதரேற்று, இன்றியமையாக் கொழுப்பமிலங்கள், விற்றமின்கள், கனியுப்புகள் ஆகியன அளவறிந்து சேர்க்கப்பட்ட முழுமையான திரவ உணவை நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 400 முதல் 850 கிலோகலோரி வரை அருந்துவது நான்காவது. இந்நான்கையும் ஒன்றாகக் கருதுவதே குழப்பத்துக்கு முதற்காரணம்.

2. உணவு நின்றபின் உடலில் நிகழ்வன

பட்டினி பற்றிய முறையான ஆய்வுகளுள் முதன்மையானது 1912 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள கார்னகி நிறுவகத்தின் போசணை ஆய்வுகூடத்தில் பிரான்சிஸ் பெனடிக்ற் நடத்தியதாகும். மோல்ற்றாவைச் சேர்ந்த அகொஸ்தினோ லெவன்சின் என்பார் 31 நாள்கள் காய்ச்சிவடித்த நீரை மட்டும் அருந்தியிருக்க, அவரது மூச்சு, சிறுநீர், வெப்பநிலை, எடை யாவும் நாள்தோறும் அளக்கப்பட்டன. ஏறத்தாழ 60 கிலோகிராம் எடையுடன் தொடங்கிய அவர் தம் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழந்தார். இவ்வாய்வின் அறிக்கை 1915 இல் நூலாக வெளிவந்தது. இதுவும் இதனைத் தொடர்ந்த ஆய்வுகளும் தரும் சித்திரத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

உணவு நின்ற முதல் நாளில் ஈரலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோசன் குளுக்கோசாக மாறிக் குருதியிற் சேருகின்றது. இச்சேமிப்பு ஏறத்தாழ 100 கிராமே. ஒரு நாளளவில் அது தீர்ந்துவிடும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் பிணைந்துள்ளது. இன்சுலினின் அளவு குறைவதால் சிறுநீரகம் சோடியத்தையும் அதனுடன் நீரையும் மிகுதியாக வெளியேற்றுகின்றது. எனவே முதல் மூன்று நான்கு நாள்களில் தராசு காட்டும் பெரிய இழப்பிற் பெரும்பகுதி நீரும் உப்புமாகும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கிலோகிராம் கொழுப்பிழையம் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி சத்தியைக் கொண்டது. நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி செலவிடும் ஒருவர் யாதொன்றும் உண்ணாதிருந்து, அச்சத்தி முழுவதையும் கொழுப்பிலிருந்தே பெறுவாராயினும், ஒரு கிலோகிராம் கொழுப்பை இழக்க நான்கு நாள்கள் ஆகும். ‘மூன்று நாளில் ஐந்து கிலோ’ என்னும் விளம்பரம் கொழுப்பைப் பற்றியதாக இருத்தல் இயலாது. உணவு உட்கொண்டதும் இழந்த நீர் மீண்டும் வந்து சேரும்.

நீரிழப்பைவிடக் கவனத்துக்குரியது புரத இழப்பாகும். மூளை நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேற்பட்ட குளுக்கோசை வேண்டுவது. கொழுப்பமிலங்களிலிருந்து குளுக்கோசை ஆக்கும் ஆற்றல் எமது உடலுக்கு இல்லை. ஆகவே கிளைக்கோசன் தீர்ந்ததும் தசைப்புரதம் உடைக்கப்பட்டு, அதன் அமினோ அமிலங்களிலிருந்து ஈரல் குளுக்கோசை ஆக்குகின்றது. பட்டினியின் தொடக்க நாள்களில் சிறுநீரில் நாள்தோறும் 10 முதல் 12 கிராம் வரை நைதரசன் வெளியேறும். இது ஏறத்தாழ 70 கிராம் புரதத்துக்கு, அதாவது முந்நூறு கிராமளவான தசைக்கு ஈடாகும்.

இவ்வேகத்தில் இழப்பு தொடருமாயின் மனிதன் சில வாரங்களுக்கு மேல் உயிர்வாழ இயலாது. அவ்வாறு நேராமைக்குக் காரணம் 1967 இல் ஒலிவர் ஓவன், ஜோர்ச் கேகில் ஆகியோர் வெளியிட்ட ஆய்வினாற் புலப்பட்டது. நீடித்த பட்டினியில் ஈரல் கொழுப்பமிலங்களிலிருந்து கீற்றோன் பொருள்களை ஆக்குகின்றது. மூளை தன் சத்தித் தேவையின் பெரும்பகுதியை அவற்றிலிருந்து பெறப் பழகிக்கொள்கின்றது. குளுக்கோசின் தேவை குறைவதால் நைதரசன் இழப்பும் சில வாரங்களில் மூன்றிலொரு பங்களவுக்குத் தாழ்கின்றது. ஆயினும் அது நின்றுவிடுவதில்லை. இதயமும் தசையே என்பதை நாம் இவ்விடத்து மனங்கொள்ளுதல் வேண்டும்.

3. மருத்துவமனைகளில் முழுப் பட்டினி

1959 இல் அத்திலாந்தா நகரின் வோல்ற்றர் புளூம் என்னும் மருத்துவர் உடற்பருமனுக்குப் பட்டினியைச் சிகிச்சையாகக் கைக்கொண்ட அனுபவத்தை வெளியிட்டார். அதன்பின் அறுபதுகளில் பல மருத்துவமனைகளில் நோயாளர் வாரக்கணக்கில் நீரும் விற்றமின்களும் மட்டும் பெற்றுப் பட்டினியிருந்தனர். இவர்களுட் பெரிதும் எடுத்துக்காட்டப்படுபவர் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் 1965–66 இல் 382 நாள்கள் உணவின்றியிருந்த 27 வயதான ஆண் நோயாளர். அவரது எடை 207 கிலோகிராமிலிருந்து 82 கிலோகிராமுக்குக் குறைந்தது. ஐந்தாண்டுகளின் பின்னரும் 89 கிலோகிராம் அளவிலேயே நின்றது.

முழுப் பட்டினி பாதுகாப்பானது என்பதற்கு இந்நிகழ்வைச் சான்றாகக் காட்டுவோர் இரு செய்திகளை விட்டுவிடுகின்றனர். அவர் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் கண்காணிப்பில் இருந்தார். குருதிப் பரிசோதனைகள் தொடர்ந்து நிகழ்ந்தன. விற்றமின்களும் தேவை ஏற்பட்டபோது பொற்றாசியம், சோடியம் ஆகியனவும் கொடுக்கப்பட்டன. மேலும், அவரிடம் நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட கொழுப்புச் சேமிப்பு இருந்தது. மெலிந்த உடலின் நிலை வேறு. 1981 இல் வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த பத்து இளைஞரும் 46 முதல் 73 நாள்களுக்குள் இறந்தனர்.

பருமனான உடலும் எப்பொழுதும் காப்பளிக்கவில்லை. சிகிச்சைப் பட்டினியின்போது நேர்ந்த மரணங்கள் 1968 இலும் 1969 இலும் ‘லான்செற்’ இதழில் வெளியிடப்பட்டன. அவற்றுளொன்று 20 வயதுப் பெண்ணொருத்தியினுடையது. முப்பது வாரப் பட்டினியால் விரும்பிய எடையை அவள் எய்தினாள். மீண்டும் உணவு தொடங்கப்பட்டபின் இதயத் துடிப்புச் சீர்குலைந்து மரணமானாள். அவளது இதயத் தசைநார்கள் சிதைந்திருந்தமை பின்னர் நுணுக்குக்காட்டியிற் காணப்பட்டது. தராசு வெற்றியை அறிவித்த வேளையில் இதயம் தோல்வியுற்றிருந்தது. இம்மரணங்களின் பின் முழுப் பட்டினிச் சிகிச்சை படிப்படியாகக் கைவிடப்பட்டது.

4. புரதக் கரைசல்: 1976–77 இன் பாடம்

பட்டினியின் தீங்கு தசையிழப்பாயின், புரதத்தை மட்டும் கொடுத்து அவ்விழப்பைத் தடுக்கலாகாதா என்னும் வினா இயல்பாகவே எழுந்தது. பொஸ்ரன் நகரில் ஜோர்ச் பிளாக்பேண், புரூஸ் பிஸ்றியன் ஆகியோர் எழுபதுகளின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்டது கொழுப்பற்ற இறைச்சி போன்ற உயர்தரப் புரதம். அதனுடன் கனியுப்புகளும் மருத்துவக் கண்காணிப்பும் சேர்ந்திருந்தன.

இக்கருத்து ஆய்வுகூடத்திலிருந்து சந்தைக்கு வந்தபோது உருமாறியது. 1976 இல் அமெரிக்காவில் ரொபேட் லின் என்னும் மருத்துவர் வெளியிட்ட நூலொன்று புரதக் கரைசல் பட்டினியை நாடெங்கும் பரப்பியது. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் இத்தகைய கரைசல்கள் பல பெயர்களில் கடைகளில் விற்பனையாயின. அவற்றின் மூலப்பொருள் விலங்குகளின் தோல், தசைநாண் முதலியவற்றிலிருந்து பெற்ற கொலாசன். கொல்களத்தின் கழிவு நொதியங்களாற் கரைக்கப்பட்டு, நிறமும் சுவையும் ஊட்டப்பட்டு உணவாகியது. கொலாசனில் திரிப்தோபன் என்னும் இன்றியமையா அமினோ அமிலம் இல்லை. போத்தலிற் ‘புரதம்’ என எழுதப்பட்டிருந்தது உண்மையே. ஆயினும் மனித உடல் தன் தசையைக் காத்துக்கொள்ளப் போதிய புரதம் அதுவன்று. பொற்றாசியம், மகனீசியம் முதலியனவும் போதிய அளவில் இருக்கவில்லை.

1977 இன் பிற்பகுதியிலிருந்து மரணச் செய்திகள் வரத் தொடங்கின. இக்கரைசல்களுடன் தொடர்புடையனவாக ஏறத்தாழ அறுபது மரணங்கள் அமெரிக்க அரச நிறுவனங்களுக்கு அறிவிக்கப்பட்டன. அவற்றுட் பதினேழை ஆராய்ந்த இதய நோயியலாளர் 1979 இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். இறந்தோருட் பதினாறு பேர் பெண்கள். அவர்கள் சராசரியாக ஐந்து மாதங்களில் 41 கிலோகிராம் எடையிழந்திருந்தனர். மின்னிதயவரையம் கிடைத்தவர்களுட் பெரும்பாலாரிடம், இதயவறைகள் ஒரு சுருக்கத்தின்பின் மின்னிலையில் மீள எடுக்கும் காலம் நீண்டிருந்தது. அந்நிலையில் இதயத் துடிப்பு திடீரெனச் சீர்குலையக்கூடும். 1980 இல் வெளியான மற்றோர் ஆய்வு, இத்தகைய கரைசலை அருந்தியோரை இருபத்துநான்கு மணிநேரமும் மின்னிதயவரையத்தாற் கண்காணித்தபோது, வழமையான பரிசோதனையில் வெளிப்படாத ஆபத்தான துடிப்புக்கோளாறுகள் சிலரிடம் இருந்தமையைக் காட்டியது. ‘எனக்கு எவ்வித வருத்தமும் தெரியவில்லை’ என்னும் சொந்த அனுபவம் பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை இது உணர்த்துகின்றது.

இவ்வரலாற்றில் நாம் ஆழ்ந்து நோக்கவேண்டிய அமிசம் ஒன்றுண்டு. ஆய்வாளர் வகுத்த முறையில் மூன்று கூறுகள் இருந்தன: தரமான புரதம், கனியுப்புகள், கண்காணிப்பு. இம்மூன்றும் செலவு மிக்கவை. சந்தை முறையின் பெயரை எடுத்துக்கொண்டு செலவை நீக்கியது. விற்பனைக்கு முன்னர் அப்பொருளின் பாதுகாப்பை நிறுவுமாறு எவரும் கேட்கவில்லை. எச்சரிக்கை வாசகங்கள் மரணங்களின் பின்னரே கட்டாயமாயின. உடலின் வடிவத்தையிட்டுச் சமூகம் பெண்கள்மீது சுமத்தும் அழுத்தத்தையும் இதனோடு சேர்த்து எண்ணினால், இறந்தோருள் மிகப் பெரும்பாலார் பெண்களாயிருந்தமை வியப்பன்று.

5. மீளுணவூட்டலின் ஆபத்து

பட்டினி முடியும் வேளையே அதன் மிக ஆபத்தான கட்டமாகலாம். நீடித்த பட்டினியில் உடலின் மொத்தப் பொசுபேற்று, பொற்றாசியம், மகனீசியம் ஆகியன குறைந்திருந்தாலும் குருதியில் அவற்றின் செறிவு ஓரளவு சீராகவே தோன்றும். காபோவைதரேற்று மிகுந்த உணவு திடீரென உட்கொள்ளப்பட்டதும் இன்சுலின் பெருகுகின்றது. கலங்கள் குளுக்கோசுடன் இக்கனியுப்புகளையும் உள்ளிழுக்கின்றன. குருதியிற் பொசுபேற்று வீழ்ச்சியுறுகின்றது. தயமின் என்னும் விற்றமினின் தேவையும் மிகுகின்றது. இதனால் இதயமும் மூச்சுத் தசைகளும் தளர்ந்து மரணம் நேரலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர் உணவு கிடைத்தபின் இறந்தமைக்கு இதுவே விளக்கம். பத்து நாள்களுக்கு மேல் மிகக் குறைவாக உண்டிருந்தவருக்கு உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டியே கொடுத்தல் வேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி.

6. பயன் எத்தகையது?

எடை குறைகின்றதா என்னும் வினாவுக்கு விடை எளிது: குறைகின்றது. குறைந்த எடை நிற்கின்றதா என்பதே உண்மையான வினா. 1944–45 இல் மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞரை 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கை இழந்தனர். உணவைப் பற்றிய சிந்தனையே அவர்களை ஆட்கொண்டது. தடையின்றி உண்ண விடப்பட்டபோது, தசை முழுதும் மீள்வதற்கு முன்னரே கொழுப்பு முன்னைய அளவைத் தாண்டியது. பட்டினியை உடல் ஓர் ஆபத்தாகக் கொண்டு, ஆபத்து நீங்கியதும் சேமிப்பை மீட்க முனைகின்றது. இதனை மனவுறுதிக் குறைவு எனப் பழித்தல் அறியாமையாகும். 1988 இல் ஒப்ரா வின்பிறி என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவிப்பாளர், திரவ உணவால் தாம் இழந்த 67 இறாத்தலுக்கு ஈடான கொழுப்பைச் சிறு வண்டியில் ஏற்றி மேடைக்குக் கொணர்ந்தார். அவ்வெடை பின்னர் மீண்டதை அவரே வெளிப்படையாகக் கூறினார்.

எனினும் கதை அங்கு முடியவில்லை. 2017 இல் வெளியான ‘டைரெக்ற்’ ஆய்வு இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும், பொதுச் சுகாதார சேவையின் குடும்ப வைத்திய நிலையங்களில் இது நடத்தப்பட்டது. ஆறாண்டுகளுக்குட்பட்ட இரண்டாம் வகை நீரிழிவுடையோர் மூன்று முதல் ஐந்து மாதங்கள்வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 வரையான கிலோகலோரி கொண்ட முழுமையான திரவ உணவைப் பெற்றனர். நீரிழிவு, குருதியமுக்கம் ஆகியவற்றுக்கான மாத்திரைகள் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டன. இன்சுலின் பெறுவோர் சேர்க்கப்படவில்லை. பின்னர் சில வாரங்களில் சாதாரண உணவு படிப்படியாகப் புகுத்தப்பட்டது. அதன்பின் பயிற்சி பெற்ற தாதியரும் உணவியலாளரும் மாதந்தோறும் சந்தித்து உதவினர்.

ஓராண்டின் முடிவில் இவர்களுள் 46 சதவீதத்தினரின் நீரிழிவு மருந்தின்றியே தணிந்திருந்தது. வழமையான சிகிச்சை பெற்றோருள் 4 சதவீதத்தினர்க்கே அது வாய்த்தது. பதினைந்து கிலோகிராமும் அதற்கு மேலும் இழந்தோருள் 86 சதவீதத்தினர் இந்நிலையை எய்தினர். ஈரலிலும் கணையத்திலும் மிகுந்திருந்த கொழுப்புக் குறைவதே இதன் காரணமென ஆய்வாளர் விளக்குகின்றனர். இரண்டாண்டின் முடிவில் இவ்வீதம் 36 சதவீதமாகத் தாழ்ந்தது. தொடர்ந்து ஆதரவு பெற்றோரில் ஐந்தாண்டு முடிவில் சராசரி எடையிழப்பு ஏறத்தாழ ஆறு கிலோகிராமாகவே எஞ்சியது. நீரிழிவு தணிந்த நிலையில் இருந்தோர் எட்டிலொரு பங்களவினரே. வெற்றி மெய்யானது, அதனைக் காத்தல் அரிது என்பதும் மெய்யே.

1977 இலும் 2017 இலும் மக்கள் அருந்தியவை திரவங்களே. முன்னையது கடைத்தட்டில் தனிமனிதர் கையிற் கொடுக்கப்பட்ட பண்டம்; பின்னையது பொதுச் சேவை அளித்த சிகிச்சையின் ஒரு கட்டம். உள்ளடக்கத்தின் தரமும் கண்காணிப்பும் பின்தொடர்ந்த ஆதரவும் பின்னதிலேயே இருந்தன.

7. எமது சூழலில்

இலங்கையில் வளர்ந்தோருள் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் நீரிழிவுடையோர். தென்னாசியரிடம் குறைந்த உடற்பருமனிலேயே இந்நோய் தோன்றுகின்றது. 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியருக்கு உடற்றிணிவுச் சுட்டி 23 இலேயே கவனம் வேண்டுமெனக் குறித்தமை இதனாலேயாகும். எனவே எடைக்குறைப்பு எமக்கு அழகு பற்றிய வினாவன்று. ஆயின் எமது மக்கள் நாடும் வழிகளுட் சில கேடு பயப்பன.

சாறுப் பட்டினி அவற்றுளொன்று. சாற்றில் புரதம் இன்மையால் தசையிழப்பைத் தடுக்க இயலாது. ஒட்சலேற்று மிகுந்த காய்கனிகளின் சாற்றை வெறுவயிற்றிற் பெருமளவில் அருந்தினால் சிறுநீரகம் பாதிப்புறலாம். காமரங்கா என்னும் நட்சத்திரப்பழத்தால் சிறுநீரகப் பாதிப்புற்ற இருவரை இலங்கை மருத்துவர் 2015 இல் மருத்துவ இதழொன்றில் விவரித்துள்ளனர். ‘இயற்கையானது’ என்னும் அடைமொழி பாதுகாப்பை உறுதிசெய்வதில்லை.

கந்தசட்டியின் ஆறு நாள்களிலும் நீரும் இளநீரும் பாலும் மட்டும் அருந்தி விரதமிருப்போர் எம்மிடையே உளர். அவ்விரதத்தின் நோக்கம் எடைக்குறைப்பன்று. நலமுள்ள ஒருவருக்கு ஆறு நாள்கள் பெருங்கேடு விளைத்தலும் அரிது. ஆனால் இன்சுலினோ, குருதியின் வெல்லத்தைக் குறைக்கும் சில மாத்திரைகளோ எடுப்போர் மருந்தை மாற்றாது உணவை மட்டும் நிறுத்தினால் குருதியின் குளுக்கோசு ஆபத்தான அளவுக்குத் தாழும். மருந்தைத் தாமாக நிறுத்துதலும் ஆபத்தே. விரதத்துக்கு முன்னர் வைத்தியரைக் கலந்துகொள்ளல் பத்திக்கு மாறானதன்று. கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறுவர், மெலிந்த முதியோர், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நோயுடையோர், உணவுண்ணலிற் கோளாறுடையோர் ஆகியோருக்குத் தாமாக மேற்கொள்ளும் திரவப் பட்டினி எவ்வகையிலும் உகந்ததன்று. கண்காணிப்புள்ள முறையிலுங்கூடப் பித்தக்கற்கள், தலைச்சுற்று, மலச்சிக்கல், முடியுதிர்தல் ஆகியன நேர்வதுண்டு.

8. முடிவுரை

நீர் மட்டும் அருந்தும் நீண்ட பட்டினி எடைக்குறைப்புக்கு ஏற்றதன்று. அதன் விலை தசையும் இதயமுமாகும். சாறு மட்டும் அருந்துதல் முதல் வாரத்தில் நீரை இழக்கச் செய்வதன்றி வேறு பயன் பெரிதாகத் தருவதில்லை. தரமற்ற புரதக் கரைசல் உயிரைப் பறித்துள்ளது. முழுமையான திரவ உணவு, தக்க நோயாளருக்குத் தக்க கண்காணிப்பில் வழங்கப்பட்டு, பின்னர் நீண்டகால ஆதரவும் கிட்டுமாயின், மெய்யான நன்மை பயக்கும். அந்நன்மையும் அனைவரிடமும் நிலைப்பதில்லை.

இலவச மருத்துவ சேவையும், கிராமந்தோறும் பணிபுரியும் குடும்பநல உத்தியோகத்தரும் எமது நாட்டுக்குரிய பெரும் செல்வங்கள். இத்தகைய சிகிச்சையை ஆராய்ந்து, எமது உணவுப் பழக்கத்துக்கும் வருவாய்க்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளும் பொறுப்பு அச்சேவைக்கும் எமது பல்கலைக்கழக மருத்துவ பீடங்களுக்கும் உரியது. அப்பொறுப்பு ஏற்கப்படாதவிடத்து அவ்விடத்தை மாப்பைக்கற்றுகளின் விற்பனையாளர் நிரப்புவர். அவ்வாறு நிரப்பப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை 1977 இல் இறந்தோரின் இதயங்கள் பதிவுசெய்து வைத்துள்ளன.